பார்சலை வாசலில் வைக்கவும்

வெர்னெட்டா டிப்ஸ் இரவு எட்டே முக்காலுக்குப் பேருந்திலிருந்து இறங்கும்போது கால் இரண்டும் மரத்துப் போயிருக்கும். மில்வாக்கி நகரத்து முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் அவளுக்கு வேலை. நூற்றுப்பத்துப் பேருக்கு இரவுச் சாப்பாடு போட்டு, அத்தனை தட்டையும் கழுவி அடுக்கிவிட்டுத்தான் கிளம்ப முடியும். நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு ஆறு தெரு நடக்க வேண்டும். அந்தப் பேட்டைக்குக் குடிவந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

வந்த மறுநாளே தெருப் பாதுகாப்புக் குழுத் தலைவர் ஹாரால்ட் ஸ்டெங்கல் ஒரு தட்டு நிறைய எலுமிச்சை கேக்கோடு வந்து நின்றார். ரயில் பாலத்தடியில் ஒரு குறுக்குவழி உண்டு, அதில் போகாதீர்கள், சுற்றானாலும் ஜூனிப்பர் தெரு வழியாகவே வாருங்கள் என்றார். "நாப்பது வீடு, முப்பத்தாறு கேமரா. எறும்பு ஊர்ந்தாக்கூட எங்களுக்குத் தெரிஞ்சிடும்" என்று பெருமைப்பட்டுக்கொண்டார். அவள் போனை வாங்கி, தெருக்காரர்கள் பேசிக்கொள்ளும் குழுவில் அவளையும் சேர்த்துவிட்டார். ஜூனிப்பர் தெரு முனையில் பெரிய கண் ஒன்றை வரைந்து, 'இங்கே நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம்' என்று பலகையும் வைத்திருந்தார்கள். வெர்னெட்டா அதை நம்பினாள். தினமும் இரண்டு தெரு கூடுதலாக நடந்தாள்.

அந்த வியாழக்கிழமை அவளோடு சாம்பல் நிறக் குல்லாச் சட்டை போட்ட ஒருவனும் இறங்கினான். அவள் எதிர்ப்பக்கம் போனாள், அவனும் வந்தான். ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்தாள், அவனும் நின்றான். கையுறையைக் கழற்றிப் போனைத் தோண்டி எடுப்பதற்குள் எட்டிப் பிடித்துவிடுவான் என்று தோன்றியது. கண் வரைந்த பலகையைத் தாண்டி ஜூனிப்பர் தெருவுக்குள் திரும்பியதும், இனிப் பயமில்லை என்று மூச்சு விட்டாள்.

முதல் வீட்டில் டிவி ஓடும் வெளிச்சம் தெரிந்தது. ஓடிப்போய் மணியை அழுத்தினாள். கேமரா வைத்த மணி, அவள் முகத்துக்கு நேரே நீலமாகக் கண் விழித்தது.

"ஐயா, ஒருத்தன் பின்னாலயே வர்றான். என்னை உள்ள விட வேணாம். சும்மா வாசல்ல வந்து நின்னீங்கன்னா போதும், ஓடிடுவான்."

மணிக்குள்ளிருந்து பதிவு செய்த பெண்குரல் தேனொழுகப் பேசியது. "தற்சமயம் எங்களால் வர இயலவில்லை. பார்சலை வாசலில் வைத்துவிட்டுச் செல்லவும். நன்றி."

மாடி ஜன்னலில் திரை விலகியது, ஒரு தலை தெரிந்தது, திரை மூடிக்கொண்டது. வெர்னெட்டா மறுபடி அழுத்தினாள். மறுபடியும் பார்சல், மறுபடியும் நன்றி.

அடுத்த வீட்டின் வாசல் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. முதல் வீட்டுப் பூந்தொட்டி ஒன்றைத் தட்டிவிட்டு, விழுந்தடித்துப் போய் அங்கே முதல் படியில் கால் வைத்தாள். விளக்கு அணைந்தது.

ஹாலோவீன் ராத்திரியில் அந்த ஊர்க் குழந்தைகளுக்கு ஒரு பாடம் உண்டு. வாசல் விளக்கு எரிந்தால் போய் மிட்டாய் கேட்கலாம்; அணைந்திருந்தால் அந்த வீட்டுப் படி ஏறக்கூடாது. ஐந்து வயதில் கற்ற பாடம். நாற்பத்தெட்டு வயது வெர்னெட்டா பழக்கதோஷத்தில் படியிலிருந்து காலை எடுத்தாள். உயிர் போகிற நேரத்திலும் அவள் மரியாதை தெரிந்தவளாக இருந்தாள். அதை நினைத்தால்தான் அவளுக்கு இன்னும் குமட்டுகிறது.

அவன் கைப்பையைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. நடைபாதையில் தள்ளினான்; இடது மணிக்கட்டு மடங்கி, உள்ளே ஏதோ முறிந்தது அவளுக்கே கேட்டது. வாயைப் பொத்தி இருட்டுப் பக்கம் இழுத்தபோதுதான் சாலையில் பனி உறையாமலிருக்க உப்பு தூவும் நகராட்சி லாரி தெருமுனையில் திரும்பியது. ஓட்டியவர் பார்த்தார். ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் லாரியை நடைபாதை மேலேயே ஏற்றினார். அவன் பையை விட்டுவிட்டு ஓட்டமெடுத்தான்.

ரெஜி என்ற அந்த ஓட்டுநர் மண்வெட்டியும் கையுமாக இறங்கி வந்தார். "சிஸ்டர், எந்திரிக்க முடியுதா? மெதுவா. நான் இருக்கேன்." லாரியிலேயே ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அத்தனை ஹாரன் சத்தத்துக்கும் ஜூனிப்பர் தெருவில் ஒரு கதவு திறக்கவில்லை.

மறுநாள் கட்டுப் போட்ட கையோடு போனைத் திறந்தால், குழுவில் அவள் முகம். மணிக் கேமராவில் பிடித்த படம், கண் பிதுங்கி, வாய் கோணி. 'எச்சரிக்கை. இரவு ஒன்பது மணிக்கு வீடு வீடாக மணி அடிக்கும் பெண். நம் தெரு ஆள் மாதிரி தெரியவில்லை.' கீழே ஊரே கூடியிருந்தது. 'ஒருத்தி மணி அடிப்பாள், ஒருத்தன் பின்னால் ஒளிந்திருப்பான். பழைய தந்திரம்' என்று ஒருவர். 'என் பூந்தொட்டியை உடைத்துவிட்டாள்' என்று இன்னொருவர். மார்லிஸ் என்ற பெண்மணி, 'என் வீட்டுக்கும் வந்தாள். விளக்கை அணைத்துவிட்டேன்' என்று எழுதியிருந்தாள். அதற்கு முப்பத்தொரு பேர் கைதட்டியிருந்தார்கள்.

வெர்னெட்டா குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

சனிக்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் குழுக் கூட்டம். காபியும் அதே எலுமிச்சை கேக்கும் இருந்தன. யாரோடும் பேசாமல் அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். ஸ்டெங்கல் திரையில் அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு, இந்தப் பெண்ணை யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். தான் கேக் கொண்டுபோய்க் கொடுத்த வீட்டுக்காரியின் முகம் அவருக்கு நினைவில்லை.

"எனக்குத் தெரியும்" என்று அவள் எழுந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். கேக் மென்ற வாய்கள் நின்றன.

ஸ்டெங்கல் இரண்டு முறை கனைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். ஆனா நல்ல விஷயம் ஒண்ணு இருக்கு. அவன் முகம் நாலு கேமராவுல தெளிவா விழுந்திருக்கு. உங்க வீட்டுக்கும் ஒரு மணி மாட்டித் தரச் சொல்றேன்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். தட்டில் மிச்சம் கிடக்கும் ஊசிப்போன சோற்றைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"எனக்கு மணி வேணாம் சார். லாரி ஓட்டுனவர்கிட்ட கேமரா இல்ல. பார்த்தாரு, இறங்கி வந்தாரு. உங்ககிட்ட முப்பத்தாறு இருந்துச்சு, வாசப்படி தாண்ட ஒருத்தர் இல்ல. நான் செத்திருந்தா அதையும் தெளிவாப் பிடிச்சிருப்பீங்க. தெருமுனையில பாத்துக்கறோம்னு எழுதி வெச்சிருக்கீங்க. பாத்துக்கறது வேற, பாத்துட்டு இருக்கறது வேற. தெருவைக் காப்பாத்தறது கேமரா இல்ல, கதவைத் திறக்கற மனுஷன். அது முடியலன்னா அந்த போர்டைக் கழட்டிடுங்க. அதை நம்பித்தான் நான் அந்த வழியா வந்தேன்."

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். மார்லிஸ். முகம் வெளிறிப் போயிருந்தது.

"பயமா இருந்துச்சு" என்றாள்.

"எனக்கும்தான்."

மார்லிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு கேட்டாள். "திரும்ப வேலைக்குப் போனா பஸ் எத்தன மணிக்கு?"

"எட்டே முக்கால்."

"லைட்டைப் போட்டு வெச்சு, வாசல்ல நிக்கறேன். தினமும்."

வெர்னெட்டா ஒற்றைக் கையால் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். உதவ நீண்ட கைகளைத் தவிர்த்துவிட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் மார்லிஸ் பக்கம் திரும்பினாள்.

"வந்து நில்லுங்க" என்றாள். "பாக்கலாம்."