கடைசி பஸ்ஸுக்கு அடுத்த பஸ்

என் வீட்டுக்காரருக்கு ராத்திரியில் கண் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவர் யாரிடமும் சொல்லமாட்டார். என்னையும் சொல்லவிடாமல் வாயைக் கட்டிப் போட்டிருந்தார். பகலில் ஊசிக் காதில் நூல் கோர்க்க அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இருட்டிவிட்டால் எதிரே நிற்கும் லாரியும் அவருக்கு ஒன்றுதான், லாரிக்குப் பின்னால் இருக்கும் சுவரும் ஒன்றுதான்.

கண் டாக்டர் விளக்கை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, "இது கண்ணாடி போட்டுச் சரியாகிற விஷயம் இல்ல. பகல்ல ஒண்ணும் பயமில்ல. இருட்டினா மட்டும் வண்டியைத் தொடாதீங்க" என்றார். இவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையை ஆட்டினார். வெளியே வந்து செருப்பைக்கூட மாட்டவில்லை, அதற்குள் என் பக்கம் திரும்பிவிட்டார்.

"டெய்லருக்குக் கண்ணு போச்சுன்னு ஒருத்தன் கிளப்பி விட்டாப் போதும். அப்புறம் ஒருத்தனும் துணி குடுக்க மாட்டான். நீ யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

"நான் விடல. நீங்க வண்டிய விடுங்க."

"அப்ப உன்னை யாரு கூட்டிட்டு வர்றது?"

அதுதான் எங்கள் வீட்டின் மொத்தப் பிரச்சினை. நான் வேலை செய்வது சலவை ஆலையில். ஆஸ்பத்திரிப் போர்வை, ஓட்டல் மேல்விரிப்பு எல்லாம் சாயங்காலம் அழுக்காக வந்து இறங்கும், விடிவதற்குள் மடித்த மடிப்பாகத் திரும்பிப் போக வேண்டும். அதனால் எங்களுக்குப் பகல் வேலை என்பதே கிடையாது. வேலை முடிந்து நாங்கள் வெளியே வரும்போது கடைசி பஸ் போய் வெகுநேரம் ஆகியிருக்கும். நீயே வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளேன் என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் நிறைய. சூட்டு உருளையில் போர்வையைச் செலுத்தும்போது ஒருநாள் என் வலது கையும் கொஞ்சம் உள்ளே போய்விட்டு வந்தது. அதிலிருந்து இரண்டு விரல் மடங்காது. பிரேக்கை எதனால் பிடிப்பது, வாயாலா?

ஆக, கண் தெரியாதவர் ஓட்டுவார், கை மடங்காதவள் பின்னால் உட்கார்ந்து "இடது, இடது, பள்ளம், மெதுவா" என்று கத்திக்கொண்டே வருவேன். திரும்பி வரும்போதாவது என் கண் இருக்கிறது. என்னைக் கூப்பிட வரும்போது அவர் தனியாக அல்லவா வருகிறார்? முன்னால் போகும் ஏதாவது வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே வந்துவிடுவேன் என்பார். போன மாதம் ஒரு லாரியின் விளக்கைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். லாரி வளைந்தது. இவர் வளையவில்லை. குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் வண்டியோடு கிடந்தார். கேட்டவர்களிடமெல்லாம் நாய் குறுக்கே வந்துவிட்டது என்றார். வராத நாயைத் தெருவே திட்டித் தீர்த்தது.

டாக்ஸியில் வரலாமே என்றால், எங்கள் பகுதியில் ராத்திரி ஓட்டுவது ஒரே ஒருவன். அவனுக்குப் பெயர் 'ரிட்டர்ன்'. நம்மை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பி வருவதற்கும் சேர்த்துக் காசு கேட்பான். அவன் காரில் போய் வந்தால் நான் அவனுக்காகத்தான் வேலை செய்ய வேண்டும்.

இந்த நிலையில்தான், பஸ்ஸை ராத்திரி முழுக்க விடலாமா வேண்டாமா என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்கப்போகிறோம், விருப்பமுள்ளவர்கள் டெப்போ கூடத்துக்கு வந்து பேசலாம் என்று பஸ் நிர்வாகம் அறிவித்தது. எனக்கு விருப்பம் இருந்தது. வெறியே இருந்தது. ஆலையில் சண்டை போட்டு அன்றைக்கு லீவு வாங்கினேன். இவரும் வருகிறேன் என்று கிளம்பினார்.

"வெளிச்சத்துலயே போவோம், வெளிச்சத்துலயே திரும்பிடுவோம். ஆனா என் கண்ணு விஷயம் மட்டும் அங்க வரக்கூடாது. என் வாடிக்கைக்காரங்க பாதிப் பேர் அங்கதான் இருப்பாங்க."

"சரி" என்றேன். வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிறவள் நான். அதுதான் என் கெட்ட பழக்கம்.

கூடம் நிரம்பியிருந்தது. மேடையில் மேனேஜர், அவர் முன்னால் ஒரு மைக், மைக்குக்கு முன்னால் ஒரு தண்ணீர்ப் பாட்டில். அவர் பேச ஆரம்பித்தபோது ஜன்னலில் வெயில் இருந்தது. முடித்தபோது இல்லை. ராத்திரி பஸ் காலியாகத்தான் ஓடும், டீசல் வீண், டிரைவர் கண்டக்டருக்குப் பாதுகாப்பில்லை என்பதை மூன்று விதமாகச் சொன்னார். பஸ் போகும் சாலையில் வீடு கட்டியிருக்கும் ஒருவர், சத்தத்தில் தூக்கம் போய்விடும் என்றார். பிறகு ரிட்டர்ன் எழுந்தான்.

"எல்லாரும் என்னைத் திட்டுறீங்க, தெரியும். ராத்திரி ஓட்டம் மட்டும்தான் சார் எனக்கு. பகல்ல எவன் டாக்ஸியில ஏறுறான்? நீங்க பஸ் விட்டா என் வயித்துல அடிக்கிறீங்க, அவ்வளவுதான்."

அவன்மேல் எனக்குக் கோபம்தான். ஆனாலும் அதில் பொய் இல்லை. மேடையில் பேசியவரைவிட இவன் எவ்வளவோ மேல் என்று நினைத்துக்கொண்டேன்.

என் முறை வந்தபோது மைக்கைக் கையில் எடுக்கவில்லை. எனக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை.

"காலியா ஓடும்னு சொல்றீங்க. ஓட விட்டாத்தானே சார் தெரியும், காலியா ஓடுதா நிறைஞ்சு ஓடுதான்னு? கடையைச் சாத்தி வச்சிட்டு வியாபாரமே இல்லன்னு சொல்ற மாதிரி இருக்கு. தூக்கம் போயிடும்னு அந்த அய்யா சொன்னாரு. அய்யா நாளைக்கே ஆஸ்பத்திரியில படுத்தா, நாங்க ராத்திரி முழிச்சுத் துவைச்ச போர்வையிலதான் படுப்பீங்க. துவைச்சவ வீட்டுக்கு எப்படிப் போனான்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா?"

கைதட்டினார்கள். மேனேஜர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் காதில் ஏதோ சொன்னார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் நம்ம டெய்லர்தானே? வெளியில அவரோட ஸ்கூட்டர் நிக்குது. நீங்க ரெண்டு பேரும் அதுலதான் வந்தீங்க. தினமும் அவர்தான் உங்களைக் கூட்டிட்டுப் போறாருன்னு சொல்றாங்க. அப்புறம் உங்களுக்கு என்னம்மா கஷ்டம்?"

கூடத்தில் இருந்த அத்தனை தலையும் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பியது. அவர் தன் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் என் நாக்கு நுனியில் நின்றது. ஒரு வரி போதும், மேனேஜர் வாயடைத்துப் போவார். அந்த ஒரு வரியோடு இவருடைய கடையும் போகும். நான் உட்கார்ந்துவிட்டேன். தோற்றுப்போய் உட்காரவில்லை, கொதித்துப்போய் உட்கார்ந்தேன். ஆனால் பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

எல்லோரும் பேசி முடித்த பிறகு, "பரிசீலிப்போம்" என்று சொல்லி மேனேஜர் எழுந்தார். வெளியே வந்தால் நல்ல இருட்டு. அன்றைய கடைசி பஸ், நாங்கள் ராத்திரி பஸ்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டிருந்தது. கூட்டம் டெப்போ வாசலில் நின்று யார் யாருக்கோ போன் போட்டது. ரிட்டர்ன் தன் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரைத் தேடி, முதலில் வேறு யாருடைய வண்டியிலோ சாவியைப் போட்டுத் திருகினார்.

அப்போதுதான் உள்ளே ஒரு பஸ் புறப்படத் தயாரானது. விளக்கெல்லாம் எரிந்தது. டிரைவர்களும் கண்டக்டர்களும் சாப்பாட்டுப் பையோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். வாசல் பக்கம் நின்ற பெண் கண்டக்டரிடம் போய்க் கேட்டேன்.

"இது எங்கம்மா போகுது?"

"இது ஸ்டாஃப் பஸ்க்கா. கடைசி டிரிப் முடிச்சவங்களை வீட்டுல விட்டுட்டு வரும். மார்க்கெட், ஆஸ்பத்திரி, சலவை ஆலை, மேம்பாலம், அப்படியே ஒரு சுத்து."

"தினமுமா?"

"பின்ன? எப்பவும் ஓடுதே."

அவளுக்கு அது ஒரு செய்தியே இல்லை. டெப்போவில் யாருக்கும் இல்லை. அவ்வளவு பழகிப்போன வண்டி. நான் படியில் காலை வைத்து ஏறி, முதல் சீட்டில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்துப் பின்னாலேயே நாலைந்து பேர் ஏறினார்கள், அப்புறம் எண்ணிப் பார்க்க முடியாத அளவுக்கு ஏறினார்கள். மேனேஜர் ஓடி வந்தார்.

"இறங்குங்கம்மா! இது பப்ளிக் பஸ் இல்ல. ஸ்டாஃபுக்கு மட்டும்."

"அவங்க வேற எதுலயாவது போகக்கூடாதா சார்?"

"வேற எதுல போவாங்க? இந்த நேரத்துல என்ன வண்டி இருக்கு? நடந்தா போவாங்க?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. பஸ்ஸுக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டிரைவர் ஸ்டியரிங்கில் கையைப் போட்டுக்கொண்டு அலுப்போடு சொன்னார்: "சார், இவங்களை இறக்கணும்னா நீங்க இருந்து இறக்குங்க. என் டூட்டி முடிஞ்சுது. எனக்கு வீட்டுக்குப் போகணும்."

மேனேஜர் யோசித்தார். சட்டென்று குரலைத் தணித்து, பெரிய மனசு பண்ணுகிற தோரணைக்கு வந்தார்.

"சரி. வண்டி இல்லாதவங்க மட்டும் இன்னைக்கு ஒரு நாள் இதுல போங்க. இந்தம்மா இறங்கட்டும். இவங்களுக்கு வண்டி இருக்கு, ஓட்ட ஆளும் கீழே நிக்கிறாரு. வேணும்னே கலாட்டா பண்றாங்க."

கீழே என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மனதில் என்ன ஓடியது என்பது எனக்கு அப்படியே தெரியும். இந்த பஸ்ஸின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே வீடு போய்ச் சேரலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் இறங்க மாட்டேன்" என்றேன்.

"ஏன் இறங்க மாட்டீங்க? ஒரு காரணம் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன். இறங்கவும் மாட்டேன்."

"பாத்தீங்களா? காரணமே இல்ல!" மேனேஜர் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். பின்சீட்டில் ஒருவர், "இறங்குங்கம்மா, உங்க ஒருத்தராலதான் லேட்டாகுது" என்றார். எனக்காகக் கைதட்டியவர்களில் அவரும் ஒருவர்.

"அவ இறங்க மாட்டா."

சொன்னது என் வீட்டுக்காரர். ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்கு ராத்திரியில கண்ணு தெரியாது. இத்தனை நாளா இவ உசுரைப் பணயம் வச்சுத்தான் வண்டி ஓட்டிட்டிருக்கேன். போன மாசம் நாய் எதுவும் குறுக்க வரல, நானேதான் போய்ப் பள்ளத்துல விழுந்தேன். போதுமா சார் காரணம்?"

அவர் அதோடு நிறுத்தவில்லை. கூட்டத்தில் எந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று தெரியாமலேயே, எல்லாப் பக்கமும் திரும்பித் திரும்பிச் சொன்னார்.

"என்கிட்டத் துணி தைக்கிறவங்க இங்க இருப்பீங்க. பகல்ல என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்ல. நம்பிக்கை இருந்தா வாங்க. இல்லன்னா குடுத்த துணியை வந்து வாங்கிட்டுப் போங்க. நான் யார் கையில கால்லயும் விழ மாட்டேன்."

பஸ் படியைக் காலால் தடவினார். தட்டுப்படவில்லை. நான் எழுவதற்குள் ரிட்டர்ன் வந்து அவர் முழங்கையைப் பிடித்துப் படியில் ஏற்றிவிட்டான்.

"வண்டி இங்கயே இருக்கட்டும்ணே. நான் பாத்துக்கறேன்" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "பஸ் விடுறது எனக்கு இன்னமும் பிடிக்கலக்கா. அது வேற" என்றான்.

"தெரியும்டா" என்றேன்.

பஸ் நகர்ந்தது. மேனேஜர் கூடவே நடந்துகொண்டு ஜன்னலைத் தட்டினார். "இன்னைக்கு ஒரு நாள்தான்! நாளைக்கு ஒருத்தரையும் ஏத்த மாட்டோம்!"

என் வீட்டுக்காரர் அந்தக் குரல் வந்த ஜன்னல் பக்கம் தலையை நீட்டினார். மேனேஜர் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது. முகத்துக்கு நேராகத்தான் சொன்னார்.

"நீங்க ஏத்த வேணாம் சார். நாளைக்கு நாங்களே ஏறிக்கிறோம்."