இரண்டாவது தட்டு

ஒலிப்பதிவு நாடாவில் நேரம் நீளமாக மாறிவிடுகிறது. நாடா ஒரே வேகத்தில் ஓடுவதால், நீடித்து ஒலித்த சுரம் அதிக இடத்தைப் பிடிக்கும். சட்டென்று முடிந்தது குறைந்த இடத்தை. சுருளைக் கையால் மெல்ல உருட்டி, சுரம் தொடங்கும் ஒவ்வொரு இடத்திலும் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். பிறகு கோடுகளுக்கு நடுவே அளவுகோலை வைத்தால் போதும்.

போலந்தின் வார்சாவில் எங்கள் நாட்டுப்புற இசை நிறுவனத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க நானும் ஹால்ஷ்காவும் இதைத்தான் செய்தோம். அவர் டாக்டர் பட்டம் பெற்ற இசை ஆய்வாளர், நான் ஒலிப்பதிவாளன். ஒபோச்னோ பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிடில்காரர் வலென்டி வாசித்த மசுர்க்காக்கள் எங்கள் நாடாவில் இருந்தன. மசுர்க்கா மூன்று தட்டுத் தாளத்தில் ஆடும் நடனம். பள்ளிப் புத்தகத்தில் மூன்றும் சமம். வலென்டியின் வில்லில் முதல் தட்டு குட்டை, இரண்டாவது நீளம், மூன்றாவது இரண்டுக்கும் இடைப்பட்டது. ஹால்ஷ்கா அளந்ததை அளந்தபடியே எழுதிப் புத்தகமாக்கி அச்சுக்குக் கொடுத்தார்.

ஆகஸ்ட் கடைசியில் மாதிரி அச்சுப்படிகள் திரும்பி வந்தன. எல்லாத் தட்டுகளும் சிவப்பு மையில் சமமாக்கப்பட்டிருந்தன. ஹால்ஷ்கா அவற்றை அள்ளிக்கொண்டு நேராக இயக்குநர் சார்னெட்ஸ்கியின் அறைக்குப் போனார். அளவுகோலோடு நானும் பின்னால் போனேன்.

"தோழரே, என் புத்தகப் பக்கங்கள்ல எல்லாம் யாரோ மையைக் கொட்டிட்டாங்க."

"நான்தாம்மா. அந்தக் கிழவன் குடிச்சிட்டு வாசிச்சிருக்கான், தாளம் தள்ளாடுது. மக்களோட இசை தள்ளாடலாமா?"

"குடிகாரன் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவுக்கா தள்ளாடுவான்?" என்னிடமிருந்து அளவுகோலை வாங்கி இயக்குநரின் மேசைமேல் வைத்தார். "நாடா இருக்கு. நீங்களே அளந்து பாருங்க."

சார்னெட்ஸ்கி அதைத் தொடவில்லை. "சின்ன வயசுல இருந்து பியானோவுல மசுர்க்கா வாசிச்சவன் நான். ஒரு போலந்துக்காரனுக்கு மசுர்க்கா சொல்லித் தரீங்களா? திங்கக்கிழமைக்குள்ள இந்தத் திருத்தத்துக்கு உங்க கையெழுத்து வரணும். இல்லன்னா உங்க நாற்காலிக்கு வேற ஆள்."

எங்கள் ஊரில் எல்லோரும் செய்யும் தவறு இது. மசுர்க்கா நம் ரத்தத்தில் ஓடுகிறது என்று நம்புகிறவர் அதைக் காதால் கேட்பதில்லை.

தாழ்வாரத்துக்கு வந்ததும் நான் சொன்னேன்: "கையெழுத்தப் போட்டுடுங்களேன் டாக்டரம்மா. யாரு அளந்து பாக்கப்போறா?"

"யாரும் பாக்கமாட்டாங்க, ஸெனெக். அதான் பயமே. அச்சுல வந்ததுதான் சரின்னு ஆயிடும். வலென்டியோட பேத்திக்கே இதைச் சொல்லிக் குடுத்து, உங்க தாத்தாவுக்கு வாசிக்கத் தெரியலன்னு சொல்லுவாங்க."

ஞாயிற்றுக்கிழமை வலென்டியின் கிராமத்தில் அறுவடை விழா. எங்கள் நிறுவனத்தின் இசைக்குழு கஞ்சி போட்ட உடைகளில் மேடையேறி, திருத்தப்பட்ட அவரது மசுர்க்காவையே வாசித்தது. முன்வரிசையில் சார்னெட்ஸ்கி. நான் வண்டியருகே பதிவுக் கருவியை ஓடவிட்டிருந்தேன்.

ஜோடிகள் ஆட இறங்கி, தடுமாறின. காரணம் எளிது. ஜோடி சுழல்வது இரண்டாவது தட்டில். அந்த நீளம்தான் உடம்பு திரும்புவதற்கான இடம். அதை வெட்டிவிட்டால் பாதி திரும்பும்போதே கால் தரையில் விழுந்துவிடும். ஒவ்வொருவராக வேலியோரம் ஒதுங்கினார்கள்.

"என்னய்யா இது, டான்ஸா? அணிவகுப்பா?" என்றாள் ஒருத்தி. அவள் புருஷன், "துப்பாக்கிய வீட்டுல விட்டுட்டு வந்துட்டேனே!" என்றான்.

ஹால்ஷ்கா எழுந்தார். அந்தப் பக்கத்து வழக்கம் இது: ஆட விரும்புகிறவர் வாத்தியக்காரர்கள் எதிரே நின்று, பெரிய பிடில் போலிருக்கும் பாஸ் வாத்தியத்தின் துளைக்குள் ஒரு காசு போட்டுத் தன் பாட்டைப் பாடுவார். பாடியவரின் தாளத்தைப் பிடித்தே அவர்கள் வாசிக்க வேண்டும். அவர் ஆடி முடிக்கும்வரை நிறுத்தக்கூடாது. மறுத்தால் அவமானம் வாசிப்பவருக்கு.

காசு உள்ளே விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஹால்ஷ்கா இடுப்பில் கைவைத்து, வலென்டியின் தாளத்தில் பாடினார்:

"பட்டணத்துத் துரை வந்தார், பாட்டு கோணல் என்றாரே!
பாட்டு ஒண்ணும் கோணலில்ல, துரை காதுதான் கோணலே!"

வேலியோரம் சிரிப்பு வெடித்தது. இசைக்குழுத் தலைவர் சார்னெட்ஸ்கியைப் பார்த்தார். பாஸ் வாசிப்பவன் யாரையும் பார்க்கவில்லை. அவன் இந்த வட்டாரத்துக்காரன். வில்லை இழுத்தான். முதல் தட்டு குட்டை, இரண்டாவது நீளம். பிடில்கள் ஒவ்வொன்றாக அவன் பின்னால் வந்தன.

கூட்டத்திலிருந்து வலென்டி வந்து தொப்பியைக் கழற்றினார். இயக்குநர் சொன்னது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. "டாக்டரம்மா, குடிகாரனோட ஆடுவீங்களா?"

"உங்ககூட மட்டுந்தான்."

அவர்கள் சுழன்றதும் மற்ற ஜோடிகளும் ஆட இறங்க, வேலியோரம் காலியாயிற்று. சார்னெட்ஸ்கி முகம் சிவக்க மேடைக்கு ஓடினார். "நிறுத்துங்கடா!"

"முடியாதுங்களே," என்றான் பாஸ்காரன், வில்லை இழுத்தபடியே. "காசு போட்டவங்க முதல்ல ஆட்டத்த நிறுத்தணும்."

ஹால்ஷ்கா சார்னெட்ஸ்கியைக் கடந்து சுழன்றபோது சொன்னார்: "திங்கக்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்க தோழரே. கையெழுத்து கிடையாது."

அடுத்த சுற்றில்: "நாற்காலிய நீங்களே வச்சுக்கோங்க!"

ஹால்ஷ்காவின் நாற்காலி போயிற்று. புத்தகம் அந்த ஆண்டு வரவில்லை. தவறாகவும் வரவில்லை, அவர் கையெழுத்தில்லாமல் அச்சகம் அதைத் தொடவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அப்போது சார்னெட்ஸ்கி என் பக்கம் திரும்பிக் கத்தினார்: "அந்த மெஷினையாவது நிறுத்துய்யா!"

சுருளில் இன்னும் எவ்வளவு நாடா மிச்சமிருக்கிறது என்று பார்த்தேன். நிறையவே இருந்தது. ஒலிவாங்கியை ஆடுகிறவர்களின் கால்களுக்கு இன்னும் கொஞ்சம் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.