சும்மாதானுங்க

ஒரு பெண் கிணற்றில் குதித்துவிட்டாள் என்று யாராவது ஓடிவந்து சொன்னால் முதலில் உங்களுக்கு என்ன தோன்றும்? உங்களுக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. திருமலைசாமிக்கு அது இல்லை. உங்களுக்கு என்ன தோன்றியதோ அதேதான் அவருக்கும் தோன்றியது.

சோமனூருக்குத் தெற்கே, ஊரை விட்டுத் தள்ளி, நாலு ஏக்கர் காட்டுக்கு நடுவில் அவருடைய வீடு. வீட்டை ஒட்டித் தறிக்குடோன். எட்டு விசைத்தறி. எட்டும் சேர்ந்து ஓடினால் உள்ளே இருப்பவர்களுக்கு இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் அங்கே வாய்ப்பேச்சு கிடையாது, எல்லாம் கைஜாடைதான். நூல் அறுந்தால் இரண்டு விரலைக் கத்தரி மாதிரி காட்டணும். டீ வந்தால் கட்டைவிரலை வாயில் வைக்கணும்.

அன்றைக்குக் காலை பதினோரு மணி இருக்கும். தறிக்கு நூல் தார் சுற்றுகிற சின்னாத்தாள் குடோன் வாசலில் வந்து நின்றாள். முகத்தில் சொட்டு ரத்தமில்லை. மேற்கே கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினாள். பிறகு கழுத்தைச் சுற்றி விரலால் ஒரு கோடு இழுத்து, தலைவழியாக எதையோ கழற்றி வைப்பதுபோலச் செய்தாள். கடைசியில் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றாகச் சேர்த்து, தலைக்கு மேலே தூக்கி, நேராகக் கீழே இறக்கினாள்.

திருமலைசாமி கையிலிருந்த தறி நாடா, நூல் கட்டையோடு கீழே விழுந்தது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

குடோனிலிருந்து கிணற்றுக்கு மக்காச்சோளக் காட்டு வழியே முந்நூறு தப்படி இருக்கும். ஐம்பத்திரண்டு வயதுக்காரர் அத்தனை வேகமாக ஓடி யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவருக்கு என்னவோ கால் நகரவே இல்லை போலத்தான் இருந்தது. காதுக்குள் காலையில் பொண்டாட்டி ராமாமணி சொன்ன ஒரே ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. “சரிங்க.”

காலையில் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே ராமாமணி கேட்டாள்.

“ஏனுங்க, இன்னிக்கு ஒருக்கா சூலூர் வரைக்கும் போயிட்டு வரட்டுங்களா?”

“எதுக்கு?”

“சும்மாதானுங்க.”

“சூலூர்ல ஆரு இருக்கறா?”

“ஆரும் இல்லீங்க. பஸ்ஸுல போயி, கொளத்துக்கரையில சித்த நேரம் உக்காந்துபோட்டு, அடுத்த பஸ்ஸுக்கு வந்தர்றேன்.”

“கொளத்துல என்ன இருக்குது?”

“தண்ணிதானுங்க.”

திருமலைசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது பார்த்து, மச்சினன் முறையாகும் பக்கத்துக் காட்டுக் கோபாலசாமி போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே இவர் சொன்னார். “கேட்டயா கோபாலு, உங்க அக்காளுக்கு சூலூர் கொளத்துக்கரையில உக்காரோணுமாமா. எதுக்குன்னு கேட்டா சும்மாங்கறா!” அந்தப் பக்கமிருந்து கோபாலசாமி சிரித்த சிரிப்பு சமையல்கட்டு முழுக்கக் கேட்டது. ராமாமணி தட்டை எடுத்துக்கொண்டாள். “சரிங்க” என்றாள். அவ்வளவுதான் நடந்தது.

இதற்கா?

திருமலைசாமி பொண்டாட்டியை ஒருநாள் கை நீட்டி அடித்ததில்லை. குடிப்பதில்லை. ஊரில் கேட்டால் தங்கமான மனுசன் என்பார்கள். அவரிடம் இருந்ததெல்லாம் ஒரு சொல்தான். எதுக்கு. தையல் கிளாஸ் போகட்டுமா என்றால் எதுக்கு, நாந்தான் ரெடிமேடாவே வாங்கித் தாறனே. கூடப் படித்தவளைப் பார்த்துவிட்டு வரட்டுமா என்றால் எதுக்கு, போன்ல பேசு. மொட்டை மாடியில் படுத்துக்கொள்ளட்டுமா என்றால் எதுக்கு, ஏசி ஓடுதல்ல. சரியான காரணம் சொல்லிவிட்டால் அவரே வண்டியை எடுத்து அந்தக் காரியத்தை முடித்துக் கொடுத்துவிடுவார். அக்காள் வீட்டில் இழவு என்றால் கூட்டிப்போய், வாசலில் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்து, திரும்பக் கூட்டி வந்துவிடுவார். இருபத்துநாலு வருசத்தில் ராமாமணி காரணமில்லாமல் போன இடம் ஒன்றுகூட இல்லை.

சமீபத்தில் ஒன்று மட்டும் இருந்தது. கிணறு. பல வருசமாக வறண்டு, பீர்க்கங்கொடி ஏறிக் கிடந்த கிணறு. போன வருசம் குழாய் வழியாக ஊர்க் குளத்துக்குத் தண்ணீர் வந்தது. குளம் நிறைந்த இரண்டாவது மாதம் கிணற்றில் ஊற்றெடுத்தது. நாற்பதடிக் கிணற்றில் இருபத்தைந்து அடி இன்றைக்குத் தண்ணீர். சாயங்காலமானால் ராமாமணி போய் மேட்டில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். “எதுக்கு அங்கயே போயி நிக்கற?” என்று அவர் ஒருநாள் கேட்டார். “சும்மாதானுங்க” என்றாள். அன்றைக்கே அவருக்கு உறைத்திருக்க வேண்டுமோ? ஓடும்போது அதுதான் நெஞ்சைக் குத்தியது. பாவி மகள் அப்போதே இடம் பார்த்து வைத்திருக்கிறாள்.

கிணற்றுமேட்டில் அவளுடைய செருப்பு இரண்டும் ஜோடியாக இருந்தன. கோயில் வாசலில் விட்டதுபோல ஒழுங்காக. மோட்டார் ரூம் ஆணியில் தாலிக்கொடி தொங்கியது. ஏழு பவுன் கொடி. கல்யாணத்தன்று அவர் கையால் போட்டது. அதற்குப் பிறகு அது அந்தக் கழுத்தை விட்டு இறங்கி அவர் பார்த்ததில்லை. எடுத்துக் கையில் பிடித்தார். இன்னும் உடம்புச் சூடு இருந்தது.

எட்டிப் பார்த்தார். பச்சைத் தண்ணீர். நடுவிலிருந்து வளையம் வளையமாக அலை வந்து பாறையில் மோதிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை.

“அம்மணீ!”

திருமலைசாமிக்கு நீச்சல் தெரியாது. எட்டு வயதில் இடுப்பில் கயிறு கட்டி இதே கிணற்றில் இறக்கினார்கள். அவர் போட்ட கூச்சலில் ரெண்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின என்று இன்றைக்கும் பங்காளிகள் சொல்லிச் சிரிப்பார்கள். அதோடு தண்ணீர்ப் பக்கமே போனதில்லை. இப்போது மேட்டு விளிம்பில் முட்டி போட்டு, கொடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் சின்னாத்தாள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

“நாங் கண்ணால பாத்தனுங்க. மேட்டு மேலருந்தே குதிச்சுப்போட்டாளுங்க. ஐயோ, என்ற தாயி!” என்று மாரில் அடித்துக்கொண்டாள். வரும்போது குடோன் மெயினை அணைத்துவிட்டு வந்திருந்தாள். தறிச்சத்தம் நின்ற காட்டில் அத்தனை அமைதி அவர் கேட்டதே இல்லை. ஒரு குருவி கத்தினால்கூடத் தெளிவாகக் கேட்டது.

சின்னாத்தாள் குடோனுக்கு ஓடும்போதே போட்ட கூச்சலைக் கேட்டு, பக்கத்துக் காட்டிலிருந்து கோபாலசாமியும் மொபெட்டில் கயிற்றோடு வந்து சேர்ந்தான். “தள்ளு மாப்ள, தள்ளு. நான் எறங்கறேன்” என்று சட்டையைக் கழற்றினான்.

அப்போதுதான் தண்ணீர் அசைந்தது.

நடுவில் இல்லை, கிழக்கு மூலையில். முதலில் ஒரு கருப்பு. பிறகு ஒரு முகம். தண்ணீரை வாயால் ஊதித் தள்ளிக்கொண்டு, தலையை ஒரே வீச்சில் பின்னால் உதறிக்கொண்டு ராமாமணி மேலே வந்தாள். உதறிய தலைமுடியிலிருந்து தண்ணீர் அரைவட்டமாகப் போய்ப் பாறையில் அடித்தது. ஒரு கை மேலே நின்றது. மூடிய கை. அவள் மெதுவாக விரலைத் திறந்தாள். உள்ளங்கை நிறையக் கருஞ்சேறு.

“அடி மண்ணுங்க. மூணாவது முங்குலதான் கெடச்சுது” என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டாள்.

கோபாலசாமி கழற்றிய சட்டை கையில் தொங்க அப்படியே நின்றான். சின்னாத்தாள் மாரில் அடிக்க ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

ராமாமணி மகள் ஹர்ஷிணியின் பழைய காலேஜ் டீ-ஷர்ட்டும் சுடிதார் பேண்ட்டும் போட்டிருந்தாள். சேற்றைக் கழுவிவிட்டுத் தண்ணீர் மேல் மல்லாந்து படுத்தாள். கையை ஆட்டவில்லை, காலை அடிக்கவில்லை. பதினோரு மணி வெயில் கிணற்றுக்குள் நேராக இறங்கி அவள் மேல் விழுந்தது. பாறைச் சுவர் முழுக்க வெளிச்சம் நெளிந்தது. காது தண்ணீருக்குள் இருந்ததால் மேலே ஆள் சேர்ந்தது அவளுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடி, ஏதோ பெரிய கட்டிலில் படுத்ததுபோல, அத்தனை நிம்மதியாக மிதந்தாள்.

திருமலைசாமி விளிம்பில் இன்னும் குனிந்து பார்த்தார். இந்த உடம்பு அவருக்குத் தெரிந்த உடம்புதான். முட்டிவலி என்று தைலம் தேய்க்கிற உடம்பு, படியேறினால் மூச்சு வாங்குகிற உடம்பு. இருபத்தைந்து அடித் தண்ணீருக்கு அடியில் போய் மண் எடுத்து வருகிற உடம்பு அதற்குள் எங்கே இருந்தது? காங்கேயத்துப் பக்கம் அவள் பிறந்த வீட்டில் பெரிய கிணறு ஒன்று இருந்தது அவருக்குத் தெரியும். பெண் பார்க்கப் போனபோது அந்தக் கிணற்று மேட்டில்தான் வண்டியை நிறுத்தினார். நீச்சல் தெரியுமா என்று கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லை. உயரம் நடுங்க வைக்கும் மலையடியில் நிற்பவன்போல அவர் நின்றார். கும்பிடத் தோன்றியது. கும்பிட்டால் கோபாலசாமி சிரிப்பான் என்று கையை இறக்கிக்கொண்டார்.

முதலில் வாய் வந்தது கோபாலசாமிக்குத்தான்.

“ஏனக்கா! நாங்க என்னமோ ஏதோன்னு பதறியடிச்சுட்டு வந்தா, நீ பாட்டுக்கு படுத்துக் கெடக்கற? மேல வா! ஆராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க?” பிறகு திரும்பி, “நீயும் வாயப் பொளந்துட்டு நிக்கற. ஒரு சத்தம் போடு மாப்ள. இன்னிக்கு கெணறும்பா, நாளைக்கு பரம்பிக்குளம் டேமும்பா!” என்றான்.

சத்தம் கேட்டு ராமாமணி கண்ணைத் திறந்தாள். மேலே மூன்று தலை. சட்டென்று புரண்டு, காலால் தண்ணீரை மிதித்து நேராக நின்றாள். அவர் கையில் கொடியைப் பார்த்ததும்தான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. முகம் மாறியது.

“ஐயோ, அப்படி நெனச்சுப்போட்டீங்களா? தண்ணிக்குள்ள கழண்டு உளுந்துருச்சுன்னா என்ன பண்றதுன்னு மாட்டி வெச்சனுங்க.”

“எதுக்கு அம்மணி?” என்று திருமலைசாமி கேட்டார். கொடியைப் பற்றிக் கேட்டாரா, கிணற்றைப் பற்றிக் கேட்டாரா என்று அவருக்கே தெரியவில்லை. இருபத்துநாலு வருசமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான். ஆனால் பதில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டது இதுதான் முதல் தடவை.

ராமாமணி அண்ணாந்து பார்த்தாள். தண்ணீர் தாடையில் சொட்டியது.

“சும்மாதானுங்க.”

கிணறு அந்தச் சொல்லை வாங்கி நாலு பக்கப் பாறையிலும் அடித்து மேலே அனுப்பியது. சும்மாதானுங்க. தானுங்க. னுங்க. தறி ஓடியிருந்தால் கேட்டிருக்காது.

அவள் நீந்திப் படிக்கு வந்தாள். பாறையில் செருகிய கல்படி ஒவ்வொன்றாகப் பிடித்து ஏறினாள். முட்டிவலிக்காரி மாதிரியே இல்லை. மேட்டுக்கு வந்து ஈரம் சொட்டச் சொட்ட அவருக்கு எதிரில் நின்றாள். மூச்சு வாங்கியது. தலைகுனிந்து வீட்டுக்கு நடந்துவிடுவாள் என்று கோபாலசாமி வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.

“இன்னொருக்கா குதிச்சுப்போட்டு வாரேனுங்க” என்றாள் ராமாமணி.

போகட்டுங்களா என்று அவள் கேட்கவில்லை. அதைத் திருமலைசாமி கவனித்தார். அவள் கண் அவர் மேலேயே இருந்தது. இப்போது அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் போதும். அவள் “சரிங்க” என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போய்ச் சோறாக்குவாள். இனி இந்த மேட்டுக்கே வரமாட்டாள். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

“சொல்லு மாப்ள” என்றான் கோபாலசாமி.

திருமலைசாமியின் வாய் பழக்கத்தில் திறந்தது. எ என்பது உதட்டுக்கு வந்தது. மிச்சம் வரவில்லை. கையிலிருந்த கொடியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தார். ஓடிவந்து குதிக்க இடம் வேண்டுமே.

ராமாமணி பார்த்தாள். நாலு எட்டு பின்வாங்கினாள். ஓடினாள். விளிம்பில் ஒரு உந்து. நாற்பத்தாறு வயதுப் பெண்பிள்ளை கை இரண்டையும் விரித்து ஆகாயத்தில் ஒரு நொடி நின்றாள். நின்றாள் என்றுதான் திருமலைசாமி சாகும்வரை சொல்வார். பிறகு தலைகீழாக மடங்கி, கத்தி மாதிரி தண்ணீருக்குள் போனாள். மேலே நின்ற மூன்று பேர் முகத்திலும் சில்லென்று தெறித்தது. சின்னாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அடேங்கப்பா!” என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

“உனக்கு இனி நெம்பக் கஷ்டந்தான் மாப்ள” என்று சொல்லிவிட்டுக் கோபாலசாமி கயிற்றைச் சுருட்டினான்.

“நீ போ கோபாலு” என்றார் திருமலைசாமி. கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. அவள் எந்த மூலையில் வருவாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ராமாமணி கொடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். திருமலைசாமி அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குடோனுக்குப் போனார். தினம் ஆறு மணிக்கே போடுகிற மெயினை, கிணற்றில் தண்ணீர் தெறிக்கிற சத்தத்தைக் கேட்டபடி, அன்றைக்கு ஏழு மணிக்குத்தான் போட்டார்.