பினாங்கில் மீன் மலிவு

1

இந்தக் கதை எப்படி வந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு தெரிந்தால் என்னைத் திட்டுவீர்கள். இது கதையாகப் பிறக்கவில்லை. ‘சிங்கப்பூரா, பினாங்கா? சம்பளக்காரன் எந்த ஊரில் நன்றாக வாழலாம்?’ என்று ஒரு கட்டுரையாகப் பிறந்தது. கேட்டவர் ஷேக் அலாவுதீன் பாய், இங்கே பினாங்கில் சூலியா தெருவில் அச்சுக்கூடம் வைத்து வாரப் பத்திரிகை நடத்துகிறவர். ரப்பர் விலை விழுந்து, இந்த 1931-ல் ஆபீஸ் ஆபீஸாக ஆள் குறைக்கிறார்கள் அல்லவா? எங்கே போனால் பிழைக்கலாம் என்பதுதான் எல்லார் வாயிலும் பேச்சு. நான் பீச் தெருவில் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. பெயர் பெஞ்சமின். அவ்வப்போது எழுதுவேன். எழுதிக் கொடுத்தேன். பினாங்குதான் உசத்தி என்று அடித்துச் சொன்னேன்.

பாய் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “எந்தப் பாசார்ல தம்பி இந்த வெலைக்கு மீன் வாங்குறீங்க? எங்க வீட்டுல ஒரு நாளும் இப்படி வாங்குனதில்லையே” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நேரில் போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, கட்டுரையை யாரும் படிக்க மாட்டார்கள், கதையாக எழுதுங்கள், கதையில் பொய் சொன்னால் யாரும் விலைச்சீட்டுக் கேட்கப் போவதில்லை என்று யோசனை சொன்னார்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். கிழிக்காமல் இங்கேயே விட்டு வைக்கிறேன், என் லட்சணம் உங்களுக்கும் தெரியட்டும்.

‘கடற்காற்று தாலாட்டும் இந்தத் தீவிலே ஒரு கிராணியின் இனிய இல்லறம்—’

(நிறுத்திவிட்டேன். என் மனைவி சவுந்தரம் பிரசவத்தில் இறந்து ஏழு வருஷமாகிறது. இல்லறமாம்!)

‘சிங்கப்பூரிலே, செராங்கூன் ரோட்டு மாடி அறையொன்றில், மூன்று பேரோடு நாலாவது ஆளாகப் படுத்து, கடைச் சோறு தின்று, குழாயடியில் வரிசையில் நின்று, ரேமண்ட் என்கிற வாலிபன் தன் சம்பளத்தையெல்லாம்—’

(இதை ரசித்து எழுதினேன். சிங்கப்பூரில் கிடைக்கும் கூடுதல் சம்பளம் வாடகைக்கும் வண்ணானுக்கும் போய்விடுகிறது என்று காட்டுவதில் அப்படியொரு சந்தோஷம் எனக்கு.)

‘ஆலிஸ் விடியற்காலையில் எழுந்து—’

இதில்தான் மாட்டிக்கொண்டேன். விடியற்காலை என்றால் எப்போது? தெரியவில்லை. நான் கண் விழிக்கும்போது காப்பி இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை நாற்காலியில் தொங்கும். கதாபாத்திரம் உயிரோடு எழுந்து வரமாட்டேன் என்கிறது என்று எழுதுகிறவர்கள் புலம்புவார்கள். என் கதாபாத்திரம் அடுத்த அறையில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்குத்தான் அவளைப்பற்றி எழுத ஒன்றும் அகப்படவில்லை.

[அடிக்குறிப்பு: ஆலிஸ் என் தங்கை. சவுந்தரத்தை அடக்கம் செய்த வாரம், ‘ஒரு மாசம் இருந்து அண்ணனுக்கு ஆக்கிப் போட்டுட்டு வரேன்’ என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தாள். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ஒரு மாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.]

3

ரேமண்ட் வெறும் உதாரணத்துக்கு வந்தவன் இல்லை. ஆலிஸைப் பெண் கேட்டவன்.

சிங்கப்பூர்த் துறைமுகத்தில் அவனும் கிராணி. ஜூலையில் எதிர்க்கரையில் புக்கிட் மெர்தாஜம் அன்னம்மாள் கோவில் திருநாளுக்கு வந்திருந்தான். பூசை முடிந்து கோவிலுக்கு வெளியே நின்றபோது, சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டான். “ஆலிஸை எனக்குக் கட்டிக் குடுங்கண்ணே. அவகிட்டக் கேட்டுட்டேன், அவளுக்குச் சம்மதம்தான்” என்றான். ஆலிஸ் பக்கத்திலேயே நின்றாள். இல்லை என்று சொல்லவில்லை. காதுமடல் சிவந்திருந்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? சிங்கப்பூரில் விலைவாசி எப்படி என்று விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பொறுப்புள்ள அண்ணன் பேசுகிற பேச்சு. யாராலும் குறை சொல்ல முடியாது. ரேமண்டும் பாவம், தன் அறை, சாப்பாடு, வண்ணான் செலவு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான். அதையெல்லாம் வாங்கி அவன் மேலேயே திருப்பி எறிந்து ஒரு கட்டுரை பண்ணினேன்.

(ஒரு திருத்தம். பாய் கட்டுரை கேட்டார் என்று முதல் பகுதியில் எழுதியது பொய். நான்தான் அவரிடம் போய், இப்படியொன்று எழுதட்டுமா என்று கேட்டேன். அச்சில் வந்துவிட்டால் வீட்டில் யாரும் எதிர்த்துப் பேச முடியாது பாருங்கள்.)

எங்கள் கத்தோலிக்க வழக்கம் தெரியாதவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டும், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் என்று. அப்பா இல்லாத பெண்ணுக்கு அண்ணன்தான் கோவில் சாமியாரிடம் போய்ப் பெயர் கொடுப்பது. டிசம்பரை ஒட்டி, கிறிஸ்துமஸுக்கு முந்திய ஆகமன காலம் தொடங்கிவிட்டால் கல்யாணம் கிடையாது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஏதாவது சாக்குச் சொல்லிக் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டால் ஈஸ்டருக்கு முந்திய தவசு காலம் வந்துவிடும், அதிலும் கிடையாது. ரேமண்டுக்கோ வருஷப் பிறப்பிலிருந்து குவார்ட்டர்ஸ் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு அறை, தனிக் குழாய், வாடகை இல்லை. ஆனால் கல்யாணமானவர்களுக்கு மட்டும்.

ஆகமனத்துக்கு முன் மூன்று ஓலையும் முடிய வேண்டுமானால் பெயர் கொடுக்க இந்தச் சனிக்கிழமைதான் கடைசி. ஆகவே அன்றைக்கு நான் பெயர் கொடுக்காவிட்டால் போதும். குவார்ட்டர்ஸ் வேறு ஆளுக்குப் போகும். சிங்கப்பூரில் வாடகை கட்டுபடியாகாது என்று நான் எழுதியது தானாகவே உண்மையாகிவிடும். இந்த யோசனை எனக்குப் பூசையில், முழங்காலில் இருக்கும்போது வந்தது. வந்ததும் மனசுக்குள் ஒரு நிம்மதி. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

4

மீன் விஷயத்துக்கு வருகிறேன். பாயின் வாயை அடைக்க வேண்டும் என்று நேற்று ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு சௌராஸ்தா மார்க்கெட்டுக்குப் போனேன். ஆலிஸ் வாடிக்கையாக வாங்கும் மீன்காரி காமாரியா என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், கட்டுரைக்காக ஆலிஸிடம் கேட்டு எழுதிக்கொண்டதுதான்.

காமாரியா சொன்ன விலை, நான் எழுதிய விலையைப்போல இரண்டு மடங்கு. நான் விடவில்லை. என் தங்கைக்கு இந்த விலைக்கா கொடுக்கிறாய் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சண்டைக்குப் போனேன். தங்கை யார் என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகமே மலர்ந்துவிட்டது.

“இத்து ஹர்கா ஆலிஸ்லா” என்றாள். அது ஆலிஸுக்கு மட்டும் உள்ள விலையாம்.

பிறகு தன் கெபாயாச் சட்டையின் ஓரத்தை இழுத்துக் காட்டினாள். இலையும் கொடியுமாக, கண்ணைப் பறிக்கிற தையல் வேலை. ஆலிஸ் போட்டது. இவளுக்கும், இவள் மகள் ரொஸ்னாவுக்கும், மகளின் நாத்தனாருக்கும் ஆலிஸ்தான் தைத்துக் கொடுக்கிறாளாம், அதற்குத்தான் இந்த விலையாம். இப்போது கொஞ்ச நாளாக ஊசியில் நூல் கோக்கத் தடுமாறுகிறாள், அவளுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுக்கக் கூடாதா என்று என்னையே கேட்டாள். சுற்றிலும் இருந்தவர்கள் பார்த்தார்கள். கூசிப்போய் அவள் கேட்ட விலைக்கே ஏதோ ஒரு மீனை வாங்கிக்கொண்டு வந்தேன்.

5

வீட்டுக்கு வந்து, பினாங்கு ஏன் உசத்தி என்று எழுதியதை ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தேன்.

மீன் மலிவு: அடித்தேன். வண்ணான் செலவு இல்லை: எப்படி இருக்கும்? அடித்தேன். வாடகை குறைவு: வீட்டுக்காரச் சீனரின் இரண்டு பெண்களுக்கு ஆலிஸ் வாராவாரம் தையல் சொல்லித் தருகிறாள், அவர் வாடகையை ஏற்றாமல் இருப்பது அதனால்தான் என்று இப்போது உறைக்கிறது. அடித்தேன். மாலையில் கடற்கரைத் திடலில் பாண்டு வாத்தியம் கேட்டுவிட்டு ஆற அமர வீடு திரும்பலாம், சூடாகச் சோறு இருக்கும் என்று ஒரு பத்தி. அதில் ‘இருக்கும்’ என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சோறு தானாகவா இருக்கும்?

கடைசியில் மிஞ்சியது கடற்காற்று. அது சிங்கப்பூரிலும் அடிக்கிறது.

நான் இரண்டு ஊர்களை ஒப்பிடவே இல்லை, வாசகரே. ஆலிஸ் இருக்கிற ஆம்பிளையையும் ஆலிஸ் இல்லாத ஆம்பிளையையும் ஒப்பிட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. இதை அலங்காரமாகச் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

6

முடிவுகள்.

ஒன்று: பெஞ்சமின் மனம் திருந்தி, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு கோவிலுக்குப் போய்ப் பெயர் கொடுக்கிறான். சாமியார் ஆசீர்வதிக்கிறார். ரயிலடியில் எல்லாரும் அழுகிறார்கள். (இதை எழுதியபோது நானே அழுதேன். அதனாலேயே இதன்மேல் நம்பிக்கை இல்லை. எழுதி அழுதுவிட்டால் செய்த மாதிரியே ஆகிவிடுகிறது.)

இரண்டு: பெஞ்சமினுக்குத் திடீரென்று காய்ச்சல். சனிக்கிழமை எழுந்திருக்க முடியவில்லை. ஆலிஸ் கஞ்சி வைத்துக் கொடுக்கிறாள். அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று— (இன்று காலையில் என் நெற்றியை நானே தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்துதான் இருந்தது.)

மூன்று: ரேமண்டைக் குடிகாரனாக்கிவிடுவது. (அவன் கள்ளைத் தொட்டதில்லை.)

7

இன்று சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தவன் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். சற்று முன் ஆலிஸ் வந்து, கட்டுரை முடிந்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன். நின்றாள். சரி, ஒரு தடவையாவது அவளைக் கேட்டுவிடலாம் என்று, உனக்கு எந்த ஊர் நல்லது என்று படுகிறது என்று கேட்டேன்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“எனக்குச் சிங்கப்பூரைப் பத்தி ஒண்ணும் தெரியாதுண்ணே. திருநாளுக்கு வந்தப்ப அவரு என்கிட்ட, ஒனக்கு என்ன மீன் பிடிக்கும்னு கேட்டாரு. எனக்குச் சட்டுனு பதிலே வரலை. யாரும் கேட்டதில்ல பாருங்க. நின்னு யோசிச்சுத்தான் சொன்னேன்.”

வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. கொஞ்சம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

எந்த மீன் என்று அந்த நேரத்திலாவது நான் கேட்டிருக்கலாம். மீனின் விலையை வைத்து இரண்டு ஊர்களுக்குத் தீர்ப்புச் சொன்னவன் நான். நான் கேட்டது, சாமியார் எத்தனை மணி வரை இருப்பார் என்று.

“அஞ்சு மணி வரைக்கும்” என்றாள்.

இப்போது வாசலில் நிற்கிறாள். வெள்ளை முக்காடு போட்டிருக்கிறாள். கையில் குடை. என்னைக் கூப்பிடவில்லை. அண்ணன் எழுதும்போது கூப்பிடக் கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம், நான் போட்டது. கடிகாரத்தில் நாலரை. இங்கிருந்து கோவிலுக்கு நடந்தால் இருபது நிமிஷமாவது ஆகும்.

முடிவு எழுதாமல் எழுந்தால் பாய் கோபிப்பார் என்று ஒரு சாக்கு. நீங்கள் ஏமாந்து போவீர்கள் என்று ஒரு சாக்கு. இந்த வரியை முடித்துவிடலாம், அடுத்த வரியை முடித்துவிடலாம் என்று பேனா ஓடிக்கொண்டே இருக்கிறது. மூன்று முடிவுகளில் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. சும்மா எழுதிக்கொண்டே இருந்தால் மணி ஐந்தாகிவிடும்.

நீங்கள் படிக்கப் படிக்க நான் எழுதுவேன் போலிருக்கிறது. என்மேல் கோபமிருந்தால் இந்தக் கதைக்கு நீங்களே ஒரு முடிவு வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு எப்படிப்பட்ட பெயர் வந்தாலும் சரி. அவள் இன்னும் நிற்கிறாள். நான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், படிப்பதை நிறுத்துங்கள்.