தண்ணீரில் போகாத மஞ்சள்

1966 தை மாதம் நான்காம் நாளிலிருந்து, சாயக்காரர் ஆதிகேசவன் எந்த வெள்ளைப் பொருளை ஒரு நிமிடத்துக்கு மேல் பார்த்தாலும் அது மஞ்சளாகிவிட்டது. முதலில் ஆனது அவர் தட்டிலிருந்த சோறு. அடுத்து வேட்டி, பிறகு சுவர், ஏழாம் நாள் எதிர்வீட்டு ஜெயம்மாளின் வெள்ளைப் பசு. அன்றிலிருந்து ஜெயம்மாள் பால் கறக்கும்போது அவரைத் திரும்பி உட்காரச் சொன்னாள்; அவரும் மறுபேச்சில்லாமல் திரும்பிக்கொண்டார். அவருடைய கண்களும் மஞ்சளாகத்தான் இருந்தன. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காஞ்சிபுரத்துச் சாயக்காரர் தெருவில் ஒருவர் மேல் நிறத்தைக் கண்டால், இன்றைக்குத் தொட்டியில் என்ன சாயம் என்று கேட்பார்களே தவிர, உடம்புக்கு என்ன என்று கேட்கமாட்டார்கள். சாயம் தெறித்திருக்கும் என்றே அவர் மனைவி காந்தாவும் நினைத்தாள்.

சேதி கேட்டு வந்த பட்டு முதலாளி குமாரவேல், வெள்ளை நூலைக் கட்டுக்கட்டாக அவர் எதிரில் தொங்கவிட்டார். விறகில்லை, வெந்நீரில்லை; அரை மணி நேரத்தில் நூலில் நிறம் ஏறியது. அப்படியொரு மஞ்சளை அந்த ஊரில் அதுவரை யாரும் போட்டதில்லை. இருபது வருடம் கொதிக்கும் தொட்டியில் கை வெந்த மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். நூல் பளிச்சிடப் பளிச்சிட அவர் இளைத்துப்போனார். சோற்றைக் கண்டால் குமட்டியது, உடம்பெல்லாம் அரித்தது, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. இதையெல்லாம் வீட்டில் சொல்லித் தொலைக்க வேண்டுமே, சொல்லவில்லை.

மாசியில் ஒருநாள் அவர் கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போதுதான் காந்தா கவனித்தாள். நாற்பது நாளாகத் தொட்டியைத் தொடாததால், கல்யாணத்தன்றுகூட அவர் நகத்தடியில் இருந்த சாயம் காணாமல் போயிருந்தது. ஆனால் தோல் மஞ்சள். நூலை அலசிச் சாயம் போகிறதா என்று பார்ப்பது அந்த வீட்டில் அவள் வேலை. அவரை மோட்டுவளையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் அவர் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்து அலசினாள். மூன்று தரம் அலசினாள். நூல் என்றால் சந்தோஷப்பட்டிருப்பாள். இப்போது அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு சொட்டு மஞ்ச எறங்கல. சாயம் மேல இல்லீங்க, உள்ளருந்து வந்துக்கினு இருக்குது."

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று காந்தா சொன்னதும், பங்குனி முகூர்த்தம் முடியட்டும், இன்னும் பத்துப் புடவைக்குத்தான் நூல் பாக்கி என்றார் குமாரவேல். காந்தா அவருடைய நூலைச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்தாள்.

"பொடவைக்கு வேற மஞ்ச கெடைக்கும் மொதலாளி. எனக்கு வேற ஆளு கெடைக்கமாட்டாரு."

மறுநாளே மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். டாக்டர் கீழிமையை இழுத்துப் பார்த்தார். இந்த மஞ்சள் ஒரு நோயல்ல, உள்ளே நோய் இருப்பதற்கு அடையாளம் என்றார். பித்தம் போகிற வழியில் கல் அடைத்திருக்கிறது, எடுத்துவிடலாம், நல்ல வேளை இப்போதாவது வந்தீர்கள் என்றார். படுக்கை விரிப்புகள் பாழாகாமலிருக்க நர்ஸ் அவருக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டாள். புளியங்கொட்டை அளவுக் கல் ஒன்று வெளியே வந்தது. அவர் கண் தெளியத் தெளியக் குமாரவேலின் கிடங்கிலிருந்த நூல் வெளுத்தது. தறியில் ஏறியிருந்ததும் பாதிப் புடவையோடு வெளுத்தது. குமாரவேல் இரண்டு நாள் புலம்பினார். மூன்றாம் நாள், ஆள் பிழைத்தாரே, அது போதும் என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடி வாங்கி அனுப்பினார்.

சித்திரையில் வீடு திரும்பியதும் காந்தா சோறு போட்டாள். அவர் கை வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு, மூன்று. சோறு வெள்ளையாகவே இருந்தது. இரண்டு மாதமாக அடக்கிவைத்த அழுகையெல்லாம் காந்தாவுக்கு அப்போதுதான் வந்தது.

"ஆறிப்போவுது, சாப்புடுங்க."

"இரு காந்தா. இன்னுங் கொஞ்ச நேரம் பாத்துக்கினு இருக்கேன்."

வெளுத்த நூலையெல்லாம் அவர் தொட்டியில் போட்டு மறுபடி மஞ்சளாக்கினார். கையெல்லாம் மஞ்சள், கண் வெள்ளை. ஜெயம்மாளின் பசு மட்டும் மஞ்சளாகவே இருந்துவிட்டது. பின்னால் அது போட்ட மூன்று கன்றுகளும் மஞ்சள்தான். காந்தா அவற்றுக்குக் கழுநீர் வைக்கும்போது முதலில் கண்ணைப் பார்ப்பாள். கண் வெளுப்பாக இருக்கும். சரி என்று வாளியைக் கீழே வைப்பாள்.