பரவாயில்லை மாமா

நயினாதீவில் பிறந்து, நாலு பக்கமும் கடலைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தும் ஒரு மீனைக்கூடத் தொட்டறியாத பரமலிங்கம், போன திருவிழாவுக்குப் பிறகு நாள் முழுக்க மீன் பிடித்துக்கொண்டிருந்தார். கனடாவிலிருந்து திருவிழாவுக்கு வந்த மகளின் மகன் கீர்த்திகன், திரும்பிப் போகும்போது தன் பழைய கேம் மெஷினை அவரிடம் விட்டுவிட்டுப் போயிருந்தான். இரண்டு கையாலும் பிடித்து விளையாடுகிற சாமான். நடுவில் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள், திரைக்குள் ஒரு ஏரி. பரமலிங்கம் தூண்டிலைப் போட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார். மீன் அகப்பட்டதும் திரும்ப ஏரிக்குள்ளேயே விட்டுவிடுவார். மாத்தறையில் கடை வைத்திருந்த காலத்தில் கருவாட்டு மூட்டையை வாசற்படி ஏறவிடாத சைவக்காரர் வேறு என்ன செய்வார்?

அந்த மெஷினால் அவருக்கு ஒரு நன்மையும் இருந்தது. கொஞ்ச காலமாக அவருடைய வலது கை லேசாக நடுங்கத் தொடங்கியிருந்தது. வயதுதான் காரணம் என்று டொக்டர் சொல்லியும் மனுசன் அதையே நினைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கீர்த்திகன் வீடியோவில் வந்து, இவ்வளவு பெரிய மீன் தனக்கே அகப்பட்டதில்லை, அம்மப்பாவின் கை நல்ல கை என்று சொல்லத் தொடங்கிய பிறகு அந்தப் புழுக்கம் போய்விட்டது. பேரன் சொன்னதைப் பக்கத்து வீட்டு ஜெகதீசிடமும் சொன்னார். கோயில் வீதியில் கண்டவர்களையும் விடவில்லை.

மருமகள் சிவரூபிக்கு மீனிலும் ஆசையில்லை, மெஷினிலும் ஆசையில்லை. புருசன் வாகீசன் விடியப்புறமே முதல் படகில் குறிகட்டுவானுக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்து யாழ்ப்பாணத்துக்கு பாங்க் வேலைக்குப் போய்விடுவான். பகல் முழுக்க வீட்டில் மாமனாரும் மருமகளும்தான். கெட்ட மனுசி என்று அவளை யாரும் சொல்ல முடியாது. மாமனாருக்குச் சொதி உறைக்கக் கூடாது என்று தன் நாக்கையே மாற்றிக்கொண்டவள். கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருக்கும்.

அன்றைக்குக் காலையில் இடியப்பத்தை வைத்துக்கொண்டு மூன்று தரம் கூப்பிட்டாள். ‘இந்தா வாறன்’ என்று மூன்று தரமும் பதில் வந்தது, ஆள் வரவில்லை. பிறகு மெஷினைக் கதிரையில் வைத்துச் சார்ஜில் போட்டுவிட்டு, சாப்பிடாமலே கோயிலுக்குப் போய்விட்டார். அவள் புறுபுறுத்துக்கொண்டு வீடு கூட்டினாள். தும்புத்தடி வயரில் சிக்கியது. குனிந்து கழற்றியிருக்கலாம். அவள் வயரைப் பிடித்து இழுத்தாள். பிறகு எத்தனையோ விதமாகத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தும், இழுத்தாள் என்பதற்கு வேறு சொல் அவளுக்குக் கிடைக்கவில்லை. மெஷின் சீமெந்துத் தரையில் முகம் குப்புற விழுந்தது. தூக்கிப் பார்த்தால் திரை கறுப்பு. சார்ஜ் வயர் குத்துகிற இடம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

அதை அவருடைய கட்டிலில் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். வயரைச் சுற்றி ஜன்னலில் வைத்தாள். யோசித்துச் செய்த வேலையில்லை. யோசிக்கவில்லை என்பதற்காகச் செய்யவில்லை என்று ஆகிவிடுமா?

மத்தியானம் அவர் வந்து கேட்டால், தும்புத்தடி பட்டு விழுந்துவிட்டது என்று சொல்ல நினைத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றார். முகம் சுருங்கிப்போயிருந்தது.

“நான்தான் பிள்ளை, கோயிலுக்குப் போற அவசரத்திலை விழுத்திப்போட்டுக் கட்டிலிலை வைச்சிட்டன் போலை. சார்ஜிலை போட்டனான் எண்டெல்லோ நினைச்சன். என்ரை கையும் போச்சு, மறதியும் வந்திட்டுது.”

“பரவாயில்லை மாமா,” என்றாள் சிவரூபி.

குற்றம் செய்யாத மனுசனை மன்னித்து அனுப்பினாள். வாய் எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்க் கட்டிலில் இருந்தார்.

முதலில் கண்ணாடிக் கிளாசை வேண்டாம் என்றார். பேரப்பிள்ளைகள் வந்தபோது வாங்கிய மூடி போட்ட பிளாஸ்டிக் கப்பில் தேத்தண்ணி கேட்டார். பிறகு, தெறி பூட்ட விரல் ஏலாது என்று சேட்டு போடுவதை விட்டார். வாசல் கேற்றைப் பூட்டினேனா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார். ஒரு நாள், கோயிலுக்குப் போகும் வழியில் தடுமாறிவிட்டால் நாலுபேர் சிரிப்பார்கள் என்று வீட்டிலிருந்தே கும்பிட்டார். ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்கச் சிவரூபிக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் இப்போது சொன்னால், ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்ற கேள்வி வரும். நாள் போகப் போக அந்தக் கேள்விதான் பெரிதாகிக்கொண்டு வந்தது.

மெஷினைத் தா, யாழ்ப்பாணத்தில் கடையில் குடுத்துத் திருத்திக்கொண்டு வாறேன் என்று வாகீசன் கேட்டான். அவள் குடுக்கவில்லை. இதற்குப் போய்க் கடையா, வீடியோ பார்த்து நானே திருத்துவேன் என்றாள். வாகீசனுக்கு அது பெருமையாகவும் இருந்தது. அவளுக்கிருந்த பயம் அவனுக்கு எப்படித் தெரியும்? மாமனார் வயர் குத்தியிருக்கும்போது ஒருநாளும் விளையாட மாட்டார். கரண்ட் பிடித்துவிடும் என்று அவருக்குப் பயம். திருத்தத் தெரிந்த யாராவது அந்தச் சரிந்த இடத்தைப் பார்த்தால், இது வயர் குத்தியிருக்கும்போது இழுபட்டு விழுந்தது என்று சொல்லிவிடுவான். அப்போது, இது அப்பாவின் கையால் விழவில்லை என்று வாகீசனுக்கு விளங்கிவிடும். வீட்டில் இருந்த மற்றக் கை யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை.

மத்தியானங்களில் அவர் கண்ணயரும் நேரம் பார்த்து அவள் மேசையில் துணியை விரித்தாள். வீடியோவில் ஒரு பெடியன் பழத்தோல் உரிக்கிற மாதிரி மெஷினைக் கழற்றிக் காட்டினான். அவளுடைய தையல் மெஷின் பெட்டியில் இருந்த ஸ்க்ரூ டிரைவர் எந்த ஸ்க்ரூவிலும் பொருந்தவில்லை. கத்தி நுனியால் திருகினாள். ஒரு ஸ்க்ரூவின் தலை தேய்ந்து மொட்டையாகிப் போனது. அதை நெம்பித் திறந்தபோது உள்ளே இருந்த மெல்லிய நாடா ஒன்று அறுந்தது, கத்தி வழுக்கிப் பெருவிரலையும் கிழித்தது.

‘ஐயோ’ என்று விரலைப் பொத்திக்கொண்டிருந்தவள் தலை நிமிர்ந்தபோது மாமனார் கதவடியில் நின்றார். அலுமாரியில் இருந்து ஒரு பிளாஸ்டர் எடுத்து வந்திருந்தார். அதை உரிக்க முயலாமல் மேசையில் வைத்தார்.

“நான் உடைச்சதுக்கு நீர் ஏன் பிள்ளை கையைக் கிழிக்கிறீர்? ஒட்டிவிட எனக்கு ஏலாது, நீரே ஒட்டும்.”

அவர் போன பிறகு சிவரூபி அழுதாள். விரல் நோவுக்காக இல்லை.

அடுத்த கிழமை அவருக்கு யாழ்ப்பாணத்தில் கண் கிளினிக். படகில் ஏறும்போது கயிற்றைப் பிடிக்கத் தன் கையை நம்பமுடியாது, தான் வரவில்லை என்றுவிட்டார். பிடித்துக்கொள்ள நான் இருக்கிறேன் என்று சிவரூபி எவ்வளவோ சொன்னாள். அவர் அசையவில்லை. கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருக்கிற மனுசன். அவள் கழன்ற துண்டுகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு தனியே படகேறினாள்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருத்தகம். அங்கிருந்த கோபிசங்கர் பையைக் கொட்டிப் பார்த்துவிட்டு, வயர் இழுபட்டு விழுந்திருக்கிறது, சரிதானே என்று கேட்டான். அவள் ஓம் என்றாள். முன்பின் தெரியாத ஒருவனிடம் அந்த ஓம் அவ்வளவு லேசாக வந்தது.

“விழுந்ததிலை வந்த சேதம் கொஞ்சம்தான் அக்கா. அண்டைக்கே கொண்டு வந்திருக்கலாம். திறந்து கிண்டினதுதான் கூடிப்போச்சு.”

அதற்கும் ஓம் என்றாள். திரை கொழும்பிலிருந்து வர வேண்டும் என்று சொன்னான். அது வந்து, திருத்தி முடித்து, ஒரு வெள்ளிக்கிழமை வாகீசன்தான் மெஷினை வாங்கி வந்தான். கடைக்காரன் அவனிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. திரை பளிச்சென்று இருந்தது, மீனும் ஏரியும் இருந்த இடத்திலேயே இருந்தன. இனி யாருக்கும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்று சிவரூபி மூச்சு விட்டாள்.

மெஷினைக் கொண்டுபோய் மாமனாரிடம் நீட்டினாள். ஏரியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. கை நீண்டது. பாதி வழியில் அதை மடக்கிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டார். அலுமாரிக்குள் வைத்துப் பூட்டும்படியும், கீர்த்திகன் வந்தால் அவனிடம் குடுக்கும்படியும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கீர்த்திகன் வீடியோவில் வந்தான். மெஷின் சரிவந்துவிட்டதாமே, என்ன மீன் பிடித்தீர்கள் என்று கேட்டான்.

“அம்மப்பாவுக்கு இனிக் கை ஏலாது ராசா.”

போனை அவருக்குப் பிடித்துக்கொண்டிருந்தது சிவரூபிதான். பக்கத்தில் வாகீசன் இருந்தான். போனைக் கீழே வைக்காமலே அவள் சொன்னாள்.

“மாமா, உங்கடை கை இல்லை. நான்தான். கோவத்திலை வயரைப் பிடிச்சு இழுத்தனான், விழுந்திட்டுது. பயத்திலை உங்கடை கட்டிலிலை கொண்டுபோய் வைச்சனான்.”

வாகீசன் அவளை அண்ணாந்து பார்த்தான். போனுக்குள் கீர்த்திகன் வாயைத் திறந்தபடி இருந்தான். பரமலிங்கம் அவர்கள் ஒருவரையும் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு மெல்லக் கேட்டார்.

“அப்ப, நான் சார்ஜிலை போட்டனான், என்ன?”

“ஓம் மாமா. கதிரையிலை வைச்சு, சார்ஜிலை போட்டிட்டுத்தான் போனீங்கள்.”

“நான் மறக்கேல்லை.”

“இல்லை மாமா. நீங்கள் ஒண்டும் மறக்கேல்லை.”

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தான் சொன்ன அந்தப் ‘பரவாயில்லை’யை அவர் சொல்லுவார் என்று சிவரூபி காத்துக்கொண்டு நின்றாள். அவர் சொல்லவில்லை. தேத்தண்ணி கேட்டார். கண்ணாடிக் கிளாசில் கேட்டார்.

ஊற்றிக்கொண்டு வந்து குடுத்தாள். வாங்கும்போதே கை நடுங்கியது. வாய்க்குக் கொண்டுபோகும் வழியில் கிளாஸ் சரிந்து, சுடுதேத்தண்ணி அவர் உடுத்திருந்த சாரத்தில் வழிந்தது. அவள் துணியோடு ஓடிப்போய்க் குனிந்தாள். அவர் மற்றக் கையால் அவளைத் தடுத்தார்.

“விடும் பிள்ளை. இது நான் ஊத்தினது.”