பெட்டிக்குள் ஒரு சீப்பு வாழைப்பழம்

மலர் ஆய்வகத்தின் இயக்குநர் தம் கண்டுபிடிப்புக்கு ‘சிரஞ்சீவிக் கரைசல்’ என்று பெயர் வைத்திருந்தார். அதில் பாதி சர்க்கரைத் தண்ணீர், மீதி அவருடைய தன்னம்பிக்கை. அதில் நிற்கும் கார்னேஷன் பூக்கள் நாற்பது நாள் வாடாது என்று மானியக் குழுவுக்கு எழுதியும் விட்டார். குழுவின் மதிப்பீட்டாளர் அம்மா வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டால், நுண்ணோக்கி அறையைக் காலி செய்து ‘சிரஞ்சீவி மலர் அரங்கம்’ ஆக்கிவிடலாம். பெயர்ப்பலகைகூடத் தயார்.

அந்த அறையில் பதினோரு வருடமாக, இதழ்கள் எப்படிச் சாகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தவள் அவருடைய மச்சினி. அவள் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அவர் அவள் அக்காவைக் கட்டினார். ஆனாலும் சிபாரிசில் வந்தவள் என்ற பேர் அவளுக்குத்தான். நுண்ணோக்கி மேசையின் ஒரு கால் ஆடுகிறது என்று மூன்று வருடமாக எழுதிக் கொடுக்கிறாள். பரிசீலனையில் இருக்கிறதாம்.

மதிப்பீட்டாளர் வருவதற்கு முந்தின நாள் மாலை இயக்குநர் கண்ணாடிப் பெட்டிக்குள் கரைசலில் நின்ற பூக்களை வைத்து, வருகிறவர் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று பக்கத்திலேயே கனிந்த ஆப்பிள்களையும் ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் அடுக்கினார். ஈ மொய்க்கவே, மூடியைக் காற்றுப் புகாமல் இறுக்கினார்.

“மாமா, பழத்தை வெளியே எடுத்துடுங்க. பழுக்கும்போது எத்திலீன் வாயு வரும். அது பட்டா, சாக வேண்டிய நேரம் வந்துடுச்சுன்னு பூ நினைச்சுக்கும்.”

“ஆபீஸ்ல சார்னு கூப்பிடு. பூவுக்கு மூக்கா இருக்கு?”

அவள் அதே பூக்கட்டிலிருந்து மூன்று பூக்களை எடுத்துப்போய்த் தன் மேசையில், குழாய்த் தண்ணீரில் வைத்தாள்.

மறுநாள் காலை இயக்குநர் மதிப்பீட்டாளரைப் பார்த்தபடியே பெட்டியைப் போர்த்தியிருந்த வெல்வெட் துணியை உருவிவிட்டு, மரணத்தை வென்றது பற்றி இரண்டு வாக்கியம் பேசினார். பிறகுதான் திரும்பினார். பெட்டிக்குள் இதழ்கள் அத்தனையும் உள்நோக்கிச் சுருண்டு, கூட்டம் முடியட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டவை போல இருந்தன. பூக்காரரைக் குறை சொன்னார், வானிலையைச் சொன்னார், புதிதாக எதுவும் அகப்படாமல் இருமினார்.

மச்சினி மதிப்பீட்டாளரைத் தன் அறைக்கு அழைத்துப்போனாள். அங்கே மூன்று பூக்களும் நிமிர்ந்து நின்றன. வாடிய இதழின் ஒரு துணுக்கை நுண்ணோக்கியில் வைத்தாள்.

“செல்லுக்குள்ள ஒரு பை இருக்குங்க. அது கிழிஞ்சா, உள்ளே இருக்கிற சாறே செல்லைக் கரைச்சுடும். ஆனா அதுக்கு முன்னாடியே சர்க்கரை, சத்து எல்லாத்தையும் மூட்டை கட்டி, விதை உண்டாகிற இடத்துக்கு அனுப்ப ஆரம்பிச்சுடும். இது கெட்டுப்போறது இல்லைங்க. வீட்டைக் காலி பண்ணிட்டுச் சாவியை ஒப்படைக்கிறது.”

“இவ்வளவு சீக்கிரமா காலி பண்ணச் சொன்னது யாரு?”

“வாழைப்பழம்.”

பின்னாலேயே வந்து நின்ற இயக்குநருக்கு உயிர் வந்தது. இதைக் காட்டத்தான் தாம் பழத்தையே வைத்ததாகச் சொன்னார்.

மதிப்பீட்டாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். “அப்ப இந்த அறை எவ்வளவு அவசியம்னு நீங்களே நிரூபிச்சுட்டீங்க சார். காலி பண்ற பேச்சை விட்டுடுங்க.” அதை அங்கேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

சாயங்காலம் அவள் பெயர்ப்பலகையில் ‘சிரஞ்சீவி’யை மட்டும் அறுத்தெடுத்து மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தாள். மேசை அசையவில்லை.